31 டிகிரியில் ஏவலாமா? ஒட்டுறவு, ரெக்ரஷன், நிகழ்தகவு: எதை எடுப்பது?

இரண்டு வரிசை எண்களைக் கையில் கொடுத்தால், புள்ளியியலில் முதல் ஆண்டு முடித்தவர் பெரும்பாலும் செய்யும் முதல் வேலை ஒட்டுறவுக் கெழுவைக் கண்டுபிடிப்பது. அதாவது கோரிலேஷன். -1க்கும் +1க்கும் இடையில் ஒரே ஓர் எண் வந்து விழும். வேலை முடிந்த மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர் ரெக்ரஷன் கோடு போடுவார். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்கும் கோடு அது; பாடநூலில் தொடர்புப் போக்கு என்று வருவது அதுதான். நிகழ்தகவோ நாணயம், பகடை, சீட்டுக்கட்டோடு வேறோர் அத்தியாயத்தில் தனியாகக் கிடக்கும். அதையும் இந்த எண்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்று தோன்றுவதே இல்லை.

இந்தப் பாடம் எடுக்கும்போது என்னிடம் அதிகம் வரும் கேள்வி, "மூன்றில் எதைப் போடுவது?" என்பது. பொதுவாகப் பதில் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் நான் எப்போதும் ஒரே ஓர் அட்டவணையைத்தான் பலகையில் எழுதுவேன். மொத்தம் 23 வரி. அதே எண்களுக்கு மூன்று முறைகளும் மூன்று விதமாகப் பதில் சொல்லும். எந்தப் பதிலைக் கேட்பது என்பதில் ஏழு பேரின் உயிர் இருந்தது.

1986 ஜனவரி 27, மாலை. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் மறுநாள் காலை ஃபுளோரிடாவில் இருந்து கிளம்ப வேண்டும். அன்று இரவு அங்கே கடும் குளிர் வரப்போகிறது என்று முன்னறிவிப்பு. பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்துகொடுத்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவில் இருந்தார்கள். நாசா அதிகாரிகள் அலபாமாவிலும் ஃபுளோரிடாவிலும். தொலைபேசியில் கூட்டம் நடந்தது. பேச்சு முழுக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பற்றி.

பூஸ்டரைத் துண்டு துண்டாகச் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இணைப்பார்கள். அந்த இணைப்பு வழியே உள்ளிருக்கும் கொதிக்கும் வாயு வெளியே வந்துவிடாமல் அடைப்பதற்குத்தான் இந்த வளையம். விட்டம் 12 அடி, தடிமனோ கால் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு வளையம்: முதல் வளையம், அது கைவிட்டால் தாங்க இரண்டாவது. குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும் என்பது பொறியாளர்களின் பயம். ஏவும் நேரத்துக்கு எதிர்பார்த்த வெப்பநிலை 31 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது உறைநிலைக்கும் கீழே. அதற்கு முன் நடந்த பயணங்களிலேயே மிகக் குளிரானது 53 டிகிரி, நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 12 செல்சியஸ். 53க்குக் கீழே ஏவ வேண்டாம் என்றுதான் தியோகால் முதலில் சொன்னது. பிறகு தங்களுக்குள் தனியாகப் பேசிவிட்டு வந்து, ஏவலாம் என்று மாற்றிக்கொண்டது. மறுநாள் காலை 11:38க்கு சேலஞ்சர் கிளம்பியது. 73ஆவது வினாடியில் சிதறியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

ஏழு வரியா, இருபத்துமூன்று வரியா

எந்த முறை என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதில் தவறினால் எந்த முறையும் காப்பாற்றாது. அட்டவணை முழுதாக இருக்கிறதா?

அதுவரை 24 பயணம் நடந்திருந்தது. ஒரு பயணத்தின் பூஸ்டர்கள் கடலில் மூழ்கிவிட்டதால் 23 பயணங்களின் வளையங்களைத்தான் எடுத்துப் பார்க்க முடிந்தது. அவற்றில் 7 பயணங்களில் வளையம் அரிக்கப்பட்டோ, வாயு கசிந்த கரி படிந்தோ இருந்தது. அந்த ஏழின் வெப்பநிலை: 53, 57, 58, 63, 70, 70, 75. 53 டிகிரியில் மூன்று இடத்தில் பாதிப்பு, 75 டிகிரியில் இரண்டு இடத்தில், மற்றவற்றில் ஒவ்வொன்று.

இந்த ஏழு புள்ளியை மட்டும் தாளில் வைத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் ஒன்று உயரமாக, வலது ஓரத்தில் ஒன்று கொஞ்சம் உயரமாக, நடுவில் எல்லாம் தரையோடு. குளிரிலும் பாதிப்பு, வெயிலிலும் பாதிப்பு. ஒட்டுறவுக் கெழு போட்டால் -0.26 வரும். ஏழே புள்ளிக்கு அது ஒன்றுமே இல்லை. "வெப்பநிலைக்கும் இதற்கும் சம்பந்தம் தெரியவில்லை" என்று நேர்மையான ஒருவரும் சொல்லிவிடலாம். அன்றைக்கு நடந்ததும் இதுதான் என்பதை விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கை காட்டியது: பாதிப்பு வந்த பயணங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள், பாதிப்பே வராத பயணங்களைச் சேர்க்கவில்லை.

சேர்த்தால் என்ன ஆகும்? பாதிப்பு இல்லாத 16 பயணங்களின் வெப்பநிலை இதோ: 66, 67, 67, 67, 68, 69, 70, 70, 72, 73, 75, 76, 76, 78, 79, 81. ஒன்றுகூட 66க்குக் கீழே இல்லை. பலகையில் முதலில் ஏழு புள்ளியை வைத்து, அப்புறம் இந்தப் பதினாறையும் அடிக்கோட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வருவேன். பாதி தாண்டும்போதே வகுப்பு அமைதியாகிவிடும். இதற்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

பூஜ்யங்களை வேண்டாத குப்பையாக நினைத்து ஒதுக்குவது நம்மிடம் மிகவும் பரவியிருக்கும் பழக்கம். இயந்திரம் பழுதான நாட்களை மட்டும் பட்டியல் போடுவோம், ஓடிய நாட்களைப் போட மாட்டோம். பழுது எப்போது வரும் என்ற தகவலில் பாதி அந்த ஓடிய நாட்களில்தான் இருக்கிறது.

ஒட்டுறவு: -0.56

சரி, இப்போது 23 வரியும் இருக்கிறது. பாதிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்து, வெப்பநிலையோடு ஒட்டுறவு பார்த்தால் -0.56 வருகிறது. வர்க்கப்படுத்தினால் சுமார் 0.31, அதாவது பாதிப்பில் உள்ள ஏற்ற இறக்கத்தில் 31 சதவீதத்தை வெப்பநிலை விளக்குகிறது என்பார்கள்.

இந்த எண்ணால் என்ன பயன்? திசை தெரிகிறது: வெப்பம் கூடக்கூடப் பாதிப்பு குறைகிறது. தொடர்பு ஓரளவு பலமானது என்றும் தெரிகிறது. அலகு கிடையாது என்பது இதன் பெரிய வசதி. ஃபாரன்ஹீட்டில் போட்டாலும் செல்சியஸில் போட்டாலும் அதே -0.56தான். பத்துப் பதினைந்து காரணிகள் வரிசையாக நிற்கும்போது, எதை முதலில் கவனிப்பது என்று சல்லடை போட இதைவிட வேகமான கருவி இல்லை.

ஆனால் அன்று மாலை எழுந்த கேள்வி "தொடர்பு உண்டா" என்பதோடு நிற்கவில்லை. "31 டிகிரியில் என்ன ஆகும்" என்பது கேள்வி. ஒட்டுறவுக்குள் 31 என்ற எண்ணைப் போடுவதற்கு இடமே இல்லை. -0.56ஐ வைத்துக்கொண்டு ஒருவர் "பாதிக்கு மேல் தொடர்பு இருக்கிறது, நிறுத்துவோம்" என்பார். இன்னொருவர் "31 சதவீதம்தானே விளக்குகிறது, மீதி 69 சதவீதம் வேறு காரணம், ஏவுவோம்" என்பார். இருவரும் அதே எண்ணைத்தான் காட்டுவார்கள். முடிவெடுக்கும் மேசைக்கு இந்த எண்ணை மட்டும் கொண்டுபோகக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, ஒரே கெழுவுக்குள் பல விதமான படங்கள் ஒளிந்திருக்கும். ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு அட்டவணைகளைச் செய்து காட்டினார். நான்கிலும் ஒட்டுறவு 0.816தான், நான்குக்கும் ரெக்ரஷன் கோடும் ஒன்றேதான். படம் போட்டால் ஒன்று சாதாரணமாகச் சிதறியிருக்கும், ஒன்று வளைந்திருக்கும், மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி கோட்டையே இழுத்துப் பிடித்திருக்கும். சிதறல் வரைபடம் இல்லாமல் ஒட்டுறவைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

காரணம் பற்றியும் ஒட்டுறவு வாய் திறக்காது. குளிர்தான் காரணம் என்பதை நிறுவியது ரப்பரின் இயல்பு. 1986 பிப்ரவரி 11 அன்று ஆணையத்தின் விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டை எடுத்து, சிறிய கிளாம்பில் இறுக்கி, முன்னால் இருந்த ஐஸ் தண்ணீர்க் குவளையில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்துக் கிளாம்பைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. சில வினாடிகளுக்கு அமுங்கியபடியே கிடந்தது. இணைப்பு விரியும்போது ரப்பரும் ஒரு நொடிக்குள் கூடவே விரிந்து அடைத்தால்தான் வாயு நிற்கும். அந்தக் குவளை சொன்னதை எத்தனை பெரிய கெழுவாலும் சொல்ல முடியாது.

ரெக்ரஷன் கோடு: 1.75

31ஐ உள்ளே போட இடம் வேண்டும் என்றால் அடுத்தது ரெக்ரஷன். அதே 23 வரிக்கு மீச்சிறு வர்க்க முறையில், அதாவது புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் அளவுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி, கோடு போட்டால் கிடைப்பது இது: பாதிப்பு = 2.905 - 0.0374 × வெப்பநிலை. ஒட்டுறவில் இல்லாத ஒன்று இங்கே வந்துவிட்டது, அலகு. ஒரு டிகிரி குறைந்தால் பாதிப்பு 0.037 கூடுகிறது என்று பேச முடிகிறது.

இப்போது 31ஐப் போடுங்கள். விடை 1.75.

பாதிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று நாமே வைத்திருக்கிறோம். அதில் 1.75 என்றால் என்ன அர்த்தம்? 175 சதவீத வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. மறுபக்கம் 81 டிகிரியைப் போட்டால் -0.12 வருகிறது, எதிர்மறை வாய்ப்பு. கணக்கில் பிழை எதுவும் இல்லை. நேர்கோடு என்பது இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகக்கூடியது. ஆம்-இல்லை என்ற விடையோ 0க்கும் 1க்கும் நடுவே அடைபட்டது. இரண்டும் பொருந்தாது.

இதைக் காட்டியதும் "அப்போ ரெக்ரஷனே தப்பா சார்?" என்று கேட்பார்கள். அப்படி இல்லை. விடை ஓர் அளவாக இருக்கும்போது ரெக்ரஷனுக்கு நிகர் இல்லை. இந்தப் பெயரே 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஆராய்ந்ததில் இருந்து வந்தது. கார்ல் பியர்சனும் ஆலிஸ் லீயும் 1903இல் வெளியிட்ட 1,078 தந்தை-மகன் இணைகளின் உயரத்தில் ஒட்டுறவு சுமார் 0.5. தந்தையரின் சராசரி 68 அங்குலத்தை ஒட்டியது, மகன்களுடையது அதைவிட ஓர் அங்குலம் கூடுதல். ஆறடித் தந்தைக்கு, அதாவது 72 அங்குலத்துக்கு, மகன்களின் சராசரி சுமார் 71 அங்குலம். திருப்பிக் கேளுங்கள்: ஆறடி மகன்களின் தந்தையர் சராசரியாக எவ்வளவு? 69க்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒட்டுறவு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றுதான். ரெக்ரஷன் கோடு எதிலிருந்து எதைக் கணிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். தேர்வில் இரண்டு கோட்டையும் எழுதச் சொல்வார்கள். எந்தக் கேள்விக்கு எந்தக் கோடு என்று கேட்டால்தான் பாடம் புரிந்ததா என்று தெரியும்.

சேலஞ்சர் அட்டவணையிலும் வளையம் எத்தனை அங்குலம் அரிக்கப்பட்டது என்ற அளவை எடுத்தால் ரெக்ரஷன் யோசிக்கத் தகுந்த வழிதான். அதில் இன்னொரு வசதி, கூடுதலாக ஒரு காரணியையும் சேர்த்துக்கொள்ளலாம். இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். முதல் பயணங்களில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு என்று இருந்த அந்த அழுத்தம் பிறகு 100, 200 என்று கூடியது. பாதிப்புக்குக் குளிர் காரணமா, சோதனை அழுத்தம் காரணமா என்று பிரித்துக் கேட்க வெறும் ஒட்டுறவால் வழியில்லை; இரண்டையும் சேர்த்துப் போடும் ரெக்ரஷனில் வழி உண்டு. ஆனால் 23 வரியை வைத்துக்கொண்டு ஐந்து காரணி சேர்க்க ஆசைப்படக் கூடாது. அவ்வளவு பாரத்தை அந்த அட்டவணை தாங்காது.

எண்ணிப் பார்க்கும் நிகழ்தகவு

என் மனதுக்கு நெருக்கமான வழி இதுதான். பள்ளிக்கூடக் கணக்கு போதும், கணினி வேண்டாம், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் புரியும்.

65 டிகிரியில் ஒரு கோடு போடுங்கள். அதற்குக் கீழே 4 பயணம், நான்கிலும் பாதிப்பு. அதற்கு மேலே 19 பயணம். மூன்றில் மட்டும் பாதிப்பு. குளிரில் 100 சதவீதம், மிதமான வெப்பத்தில் 16 சதவீதம்.

நிபந்தனை நிகழ்தகவு என்ற பாடம் முழுவதும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. "குளிராக இருந்தால் பாதிப்பு வரும் வாய்ப்பு" என்பது நாலில் நாலு. "பாதிப்பு வந்திருந்தால் அது குளிரான நாளாக இருக்கும் வாய்ப்பு" என்பது ஏழில் நாலு, 57 சதவீதம். ஏழு பயணங்களை மட்டும் பார்த்தவர்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். 57 சதவீதம் என்றால் பாதிக்குப் பாதி மாதிரிதானே தெரியும்? அதனால்தான் "வெயிலிலும் வந்திருக்கிறதே" என்ற வாதம் எடுபட்டது. அவர்கள் கேட்டிருக்க வேண்டியது முதல் கேள்வி. வாக்கியத்தில் இரண்டு சொல் இடம் மாறினால் 57 எங்கே, 100 எங்கே.

"நாலே பயணம்தானே, தற்செயலாக இருக்கலாமே" என்று அடுத்து கேட்பார்கள். நல்ல கேள்வி, அதற்கும் நிகழ்தகவிலேயே விடை இருக்கிறது. வெப்பநிலைக்கும் பாதிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 23 சீட்டில் 7 சீட்டில் மட்டும் குறி இருக்கிறது. கண்ணை மூடி நான்கு சீட்டு எடுத்தால் நான்கிலும் குறி இருக்க வாய்ப்பு என்ன? 7/23 × 6/22 × 5/21 × 4/20. பெருக்கிச் சுருக்கினால் மிச்சமே இல்லாமல் 1/253 என்று வரும். தற்செயல் என்று வாதிடுபவர் 253இல் ஒரு முறை நடப்பது இங்கே நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். தாளில் இரண்டு நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு. இதை மாணவர்கள் கையாலேயே போட வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

இதில் ஓட்டை இல்லையா என்றால், இருக்கிறது. 65 என்ற கோட்டைப் புள்ளிகளைப் பார்த்த பிறகு போட்டிருக்கிறேன், வசதியான இடத்தில். அதே கோட்டை 70இல் போட்டுப் பார்ப்போம். 70க்குக் கீழே 10 பயணம், அதில் 4 பாதிப்பு: 40 சதவீதம். 70ம் அதற்கு மேலும் 13 பயணம், அதில் 3: 23 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் முன்பு மாதிரி மிரட்டவில்லை. கோடு எங்கே போடுகிறோம் என்பது விடையை இவ்வளவு ஆட்டுகிறது என்றால், ஏவ வேண்டும் என்று நினைப்பவர் 70ஐப் பிடித்துக்கொள்வார், வேண்டாம் என்பவர் 65ஐ. இன்னொரு குறையும் உண்டு. எண்ணிப் பார்ப்பது 53க்கும் 63க்கும் வித்தியாசம் பார்க்காது, இரண்டையும் "குளிர்" என்ற ஒரே கூடையில் போட்டுவிடும். 31 டிகிரி அந்தக் கூடையில் சேருமா, அதற்கும் கீழே வேறொரு கூடையா என்று சொல்லவும் அதனால் முடியாது.

லாஜிஸ்டிக் ரெக்ரஷன்: இரண்டும் சேர்ந்தது

ரெக்ரஷன் மாதிரி வெப்பநிலையை முழுதாகப் பயன்படுத்த வேண்டும்; விடை நிகழ்தகவாக 0க்கும் 1க்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் லாஜிஸ்டிக் ரெக்ரஷன். நேர்கோட்டுக்குப் பதிலாக, மேலே 1ஐயும் கீழே 0வையும் தொடாமல் நெருங்கும் நெளிவான வளைகோடு. முதல் ஆண்டுப் பாடத்தில் இது வருவதில்லை. வந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே 23 வரிக்கு இதைப் பொருத்தினால் 81 டிகிரியில் பாதிப்பு வாய்ப்பு 2 சதவீதம், 75இல் 8 அல்லது 9, 70இல் 23, 63இல் 60, 53இல் 94. கோடு எங்கே போடுவது என்ற சண்டை இல்லை. வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகும் இடம் 65 டிகிரியை ஒட்டி வருகிறது, அதை அட்டவணையே சொல்கிறது. சாய்வுக்கும் நல்ல பொருள் உண்டு: 10 டிகிரி குறையும் ஒவ்வொரு தடவையும், பாதிப்பு வருவதற்கும் வராததற்கும் உள்ள விகிதம் சுமார் பத்து மடங்கு ஆகிறது. ஓர் அதிகாரிக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

31 டிகிரிக்கு விடை 99.9 சதவீதத்துக்கும் மேல்.

இந்த எண்ணைப் பார்த்ததும் மயங்கிவிடக் கூடாது. கையில் இருக்கும் மிகக் குளிரான பயணம் 53. 31 என்பது அதற்கும் 22 டிகிரி கீழே. அந்த இடைவெளியில் ஒரு புள்ளிகூட இல்லை; வளைகோடு அதே வடிவத்தில் தொடரும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான். 99.9 என்ற துல்லியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் திசையில் சந்தேகம் இல்லை. அனுபவம் எட்டாத இடத்துக்கு 22 டிகிரி தள்ளிப் போகிறோம், எட்டிய இடத்தின் ஓரத்திலேயே வாய்ப்பு 94 சதவீதம். நிறுத்துவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். அதற்கு 31க்கான விடைகூடத் தேவையில்லை.

இந்த முறையில் சித்தார்த்த தலால், எட்வர்ட் ஃபவுல்க்ஸ், புரூஸ் ஹோட்லி மூவரும் எழுதிய ஆய்வு 1989இல் வெளிவந்தது. அவர்கள் வளையங்களைத் தனித்தனியாக எண்ணியும் பார்த்தார்கள், சோதனை அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். இவ்வளவு முறைகளையும் ஒரே தரவில் பக்கம் பக்கமாகக் காட்ட வாய்ப்பது அரிது.

நிகழ்தகவு தவறிய இடமும் உண்டு

நிகழ்தகவுக்கு நான் ஓட்டுப் போடுவது தெரிகிறது. அதனாலேயே அது எப்படித் தவறாகும் என்றும் சொல்ல வேண்டும்.

மேலே வந்த 94, 99.9 எல்லாம் வளையம் பாதிக்கப்படும் வாய்ப்பு. விண்கலம் அழியும் வாய்ப்பு அல்ல. பாதிப்பு வந்த ஏழு பயணங்களும் பத்திரமாகத் திரும்பியவைதான். இந்த இரண்டையும் இணைக்க ஒரு சங்கிலி வேண்டும்: முதல் வளையம் கைவிட வேண்டும், அப்புறம் இரண்டாவதும் கைவிட வேண்டும். இங்கேதான் பெருக்கல் விதி ஆளைக் கவிழ்க்கும். முதல் வளையம் தோற்கும் வாய்ப்பு நூறில் ஒன்று, இரண்டாவதும் நூறில் ஒன்று, ஆகவே இரண்டும் தோற்பது பத்தாயிரத்தில் ஒன்று என்று பெருக்கத் தோன்றும். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் அப்படிப் பெருக்கலாம். ஒரே இணைப்பில், ஒரே ரப்பரில், ஒரே குளிரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வளையங்கள் எப்படிச் சாராதவை ஆகும்? இரண்டாவது வளையத்தை நம்ப முடியாது என்று 1982 டிசம்பரிலேயே நாசாவின் ஆவணத்தில் மாற்றி எழுதியிருந்தார்கள். இருந்தும் பேச்சில் அது காவலாகவே நின்றது.

ஃபைன்மன் தன் குறிப்பில் எழுதியது இன்னும் கலங்கடிக்கும். விண்கலம் அழியும் வாய்ப்பு என்ன என்று கேட்டதற்கு, வேலை செய்யும் பொறியாளர்கள் நூறில் ஒன்று என்ற அளவில் சொன்னார்கள், நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்றது. லட்சத்தில் ஒன்று என்றால் தினமும் ஒன்று வீதம் 300 ஆண்டு ஏவினாலும் ஒன்றைத்தான் இழப்போம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். விண்கலத் திட்டம் 2011இல் முடிந்தபோது மொத்தம் 135 பயணம் ஆகியிருந்தது. இழந்தது இரண்டு: சேலஞ்சர், 2003இல் கொலம்பியா. 67 அல்லது 68இல் ஒன்று. எண்ணிப் பார்க்காமல் நம்பிக்கையை எண்ணாக மாற்றி எழுதினால் அதுவும் நிகழ்தகவு மாதிரியே தோற்றம் தரும்.

எண்ணுவதிலும் ஒரு நழுவல் உண்டு. 53 டிகிரியில் மூன்று பாதிப்பு, 75இல் இரண்டு என்று எழுதினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி அந்த வளையங்களை நேரில் பார்த்தவர். 75 டிகிரியில் படிந்திருந்தது சாம்பல் நிறம், 53இல் படிந்திருந்தது கன்னங்கரேல் என்ற கரி என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று, இரண்டு என்ற எண்களுக்குள் அந்த நிறம் ஏறவே இல்லை. அட்டவணை தயாரிக்கும்போது என்ன உதிர்ந்துபோகிறது என்பதைப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

நானாக இருந்தால்

இதே மாதிரி ஆம்-இல்லை முடிவு ஒன்று முன்னால் இருந்தால் முதலில் பூஜ்யங்களையும் சேர்த்துப் படம் போடுவேன். அடுத்து எண்ணிப் பார்ப்பேன், குறைந்தது இரண்டு வேறு கோடுகளில். வரிகள் இருபதுக்கு மேல் இருந்தால் லாஜிஸ்டிக் பொருத்துவேன். அதற்கும் குறைவாக இருந்தால் எண்ணியதோடு நிறுத்திக்கொள்வேன். தெரிய வேண்டியது ரூபாய், கிலோ, மில்லிமீட்டர் மாதிரி ஓர் அளவு என்றால் நேராக ரெக்ரஷன், கையில் உள்ள எண்களின் எல்லைக்குள் மட்டும். ஒட்டுறவை எதைத் தேடுவது என்று தெரியாத முதல் நாளில் வைத்துக்கொள்வேன், முடிவு எடுக்கும் நாளில் அதைத் தனியாக மேசைக்குக் கொண்டுபோக மாட்டேன். ஆய்வேடுகளில் இதற்கு நேர்மாறாக, பக்கம் பக்கமாக ஒட்டுறவு அட்டவணை போட்டுவிட்டுக் கடைசிப் பத்தியில் பரிந்துரை எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அந்தப் பரிந்துரைக்கும் அட்டவணைக்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிருக்கும்.

சேலஞ்சருக்குப் பிறகு விண்கலம் மறுபடி பறந்தது 1988 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் பூஸ்டர் இணைப்பின் வடிவத்தையே மாற்றியிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு ஓ-ரிங் சேர்ந்தது, வளையங்கள் குளிரில் விறைக்காமல் இருக்க ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் ஹீட்டர் வந்தது. அந்த நாளில் இருந்து நம்முடைய 23 வரி அட்டவணை புதிய இணைப்புக்குப் பொருந்தாது. புதிதாக முதல் வரியில் இருந்து எழுதத் தொடங்க வேண்டியிருந்தது.